பாத்ரூமுக்குள் கசிப்பு, வாசலில் சம்பந்தி

தம்பி,

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் நீ உன் கலியாணத் திட்டத்தை எடுத்துச் சொன்னாய். மண்டபத்துக்குள் குடி கிடையாது, ஐயர் இருப்பார், ஓமம் எரியும், எல்லாம் ஒழுங்கு. ஆனால் வெளியே வாகனத் தரிப்பிடத்தில் மூன்று கார்கள் நிற்கும், மூன்றின் டிக்கியும் நிறைந்திருக்கும், உன் சிநேகிதர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்றாய். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "அப்பா, கிரெய்ட்தானே, சரிதானே?" என்று கேட்டாய். நான் முள்ளே இல்லாத சல்மன் துண்டில் முள் தேடிக்கொண்டிருந்தேன். "பாப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் என்ன கருத்து என்று உனக்கு மூன்று வயதிலேயே தெரியும். சினிமாத் தியேட்டரிலும் வாயை மூடாத அப்பா இதற்கு மட்டும் ஏன் மூடினார் என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். அவளும் பதில் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி உன் மேசையில் வைத்திருக்கலாம். நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதும்படி சொன்னவர் ஒருவர் இருக்கிறார், அவர் பின்னால் வருவார். பெயர்களை விட்டிருக்கிறேன். அதுவும் ஒரு மரியாதைக்குத்தான். ஒஸ்லோவின் ஓரத்தில் எங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் நான் தும்மினால் பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமில் இருந்து எனக்குத் தைலம் வரும், அப்படிப்பட்ட சனம் நாங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். உன் அப்பன் குடிகாரன் அல்ல. அரைப் போத்தல் பியர் குடித்தால் எனக்கு அழுகை வரும், முழுப் போத்தல் குடித்தால் பாட்டு வரும். இரண்டுமே பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தண்டனை. ஆனால் இங்கே எங்கள் ஆட்களிடையே நடந்த அத்தனை கலியாணத்திலும், அத்தனை டிக்கியருகிலும், கடதாசிக் குவளையில் கோலாவுடன் நின்றிருக்கிறேன். குடிக்க அல்ல, கதை கேட்க. யார் வீடு விற்கிறான், யாருடைய மகள் யாரோடு ரயிலில் போனாள் என்பதெல்லாம் மண்டபத்துக்குள் கிடைக்காது, டிக்கியின் மூடி திறந்த பிறகுதான் கிடைக்கும். ஒரு கலியாணத்தில் ஒருவன் என்னைப் பார்த்து, "அண்ணை மற்றாக்களின்ரை டிக்கியிலைதான் நிப்பார். தன்ரை டிக்கியிலை குடையும் ஸ்பெயர் டயரும்தான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை சிரிக்கவில்லை. என் மகனுடைய கலியாணத்தில் என் டிக்கியைப் பற்றி லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் பேசவேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். ஆனால் இந்த நாட்டு அரசாங்கச் சாராயக் கடையில் விலையைப் பார்த்தாலே ஏறாத வெறியும் முறிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து, எங்கள் பஸ் கராஜில் என்னோடு வேலை செய்யும் ஆர்னெ வீடு மாறினான். நிலவறையைத் துப்புரவாக்கும்போது, போர்வையில் சுற்றிய ஒரு பானையும் சுருள் குழாயும் அகப்பட்டதாம். வீட்டில் சாராயம் வடிக்கிற சாமான். அவன் பிறந்து வளர்ந்த மலைப் பள்ளத்தாக்கில் இது எல்லார் வீட்டிலும் இருந்ததாம். சட்டப்படி குற்றம்தான், அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் காரில் ஏற்றிவிட்டு, எங்கே கிடைத்தது என்று ஒருவருக்கும் சொல்லாதே என்றான். சொல்லமாட்டேன் என்றேன். பெயரையாவது மாற்றியிருக்கிறேன், மன்னிப்பான்.

உன் அம்மா போர்வையை விலக்கிப் பார்த்தாள். "கசிப்போ? அகதியாய் வந்த நாட்டிலை கசிப்போ?"

"சத்தம் போடாதையும். கலியாணத்துக்கு."

"உங்களை நாடு கடத்தினால் நான் பின்னாலை வரமாட்டன்."

"பாஸ்போட் எடுத்து இருவது வருசம். கடத்தேலாது."

"அப்ப நான் கடத்துவன்."

ஆனாலும் அவள்தான் சீனி வாங்கிவந்தாள். சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் சேர்ந்து புளிப்பதை ஊரில் கோடா என்பார்கள். அந்தக் கோடா வாளியைச் சாமான் அறையில், உனக்குக் கட்டையாகிப்போன பனிச்சறுக்குத் தடிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அது சும்மா இருக்கவில்லை. தொண்டையில் உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கிறவனைப் போலச் சத்தம் போட்டது. உன் பழைய நித்திரைப் பையால் போர்த்தினேன், உள்ளே இருந்து கொப்பளித்தது. வாசல் தாண்டி மணம் போனபோது, தோசைக்கு மாப் புளிக்கவைத்திருக்கிறோம் என்று அம்மா எதிர்வீட்டு மனிசிக்குச் சொன்னாள். மனிசி தோசை வரும் என்று காத்திருந்தாள். கடைசியில் உண்மையாகவே தோசை சுட்டுக் கொடுக்கவேண்டி வந்தது.

இதே நாட்களில்தான் உன் கதையும் ஓடிக்கொண்டிருந்தது. நீயும் அந்தப் பிள்ளையும் முடிவெடுத்துவிட்டீர்கள். அவளுடைய அப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்த வீட்டிலை குடி இருக்கோ?" இல்லை என்று நீ சத்தியம் பண்ணியிருந்தாய், நீ அறிந்தவரை அது உண்மை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதானே? கேட்ட ஆளே கலியாணத்தன்று டிக்கியடிக்கு முதலாவதாக வருவதைக் கண்டவன் நான். வீட்டைப் பார்த்து, எங்களோடு கதைத்து, அதன் பிறகுதான் சம்மதம் சொல்வதாக அவர் இருந்தார். மார்கழி பிறந்துவிட்டால் கலியாணக் கதை கதைக்கக்கூடாது. ஆகவே போன வருடக் கார்த்திகையின் கடைசி ஞாயிறு. நீ வேலை விஷயமாகப் பேர்கனில் நின்றாய். தொலைபேசியில் அவர், "ராகுகாலம் கழிய வாறம், அண்ணை" என்றார். சுவரில் தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டி. ஞாயிறு ராகுகாலம் நாலரை முதல் ஆறு. ஆக, ஆறு மணிக்குப் பிறகு.

கோடாவோ அதற்கு மேல் நின்றால் பழுதாகிவிடும் என்று ஆர்னெ சொல்லியிருந்தான். நான் கணக்குப் போட்டேன். மத்தியானம் தொடங்கினால் ஐந்து மணிக்குள் முடித்து, கழுவி, சாம்பிராணி போட்டு, விபூதி பூசிக் கதிரையில் இருக்கலாம்.

தம்பி, இந்தக் கணக்கில் என்ன பிழை என்று உனக்குச் சொல்லித்தரவேண்டும், உன் மாமனார் வீட்டில் உதவும். ராகுகாலம் மணிக்கூட்டைப் பார்த்து வருவதில்லை, சூரியனைப் பார்த்து வருகிறது. சூரியன் எழும்பி விழும்வரை உள்ள பொழுதை எட்டாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பங்கை ராகுவுக்குக் கொடுக்கவேண்டும். கொழும்பில் அது நாலரைக்குத் தொடங்கும். ஒஸ்லோவின் கார்த்திகைச் சூரியன் அரைநேர வேலைக்காரன், மூன்றேகாலுக்கே கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். ராகுவும் அவனோடு போய்விடுகிறான். உன் மாமனார் இதையெல்லாம் ஒஸ்லோக் கணக்கில் பார்க்கிறவர். நான் கடைக்காரன் தந்த கொழும்பு நாட்காட்டியை நம்பியவன். ஒஸ்லோவில் முப்பது வருடம் இருந்தும் என் ராகுவுக்கு விசா எடுக்காமல் விட்டது என் பிழை.

எங்கள் பாத்ரூமுக்கு யன்னல் இல்லை, உனக்குத் தெரியும். காற்றாடி வழி மணம் மேல்வீட்டுக்குப் போகும் என்று அதன் வாயை நாடாவால் ஒட்டியிருந்தேன். கதவின் கீழ் இடைவெளியில் ஈரத் துவாய். கீழே சூடாகும் தரை, நடுவில் மின்னடுப்பில் கொதிக்கும் பானை. சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலுடன், கவிழ்த்த வாளியில் நான். என்னை நானே இவ்வளவு வடிவாக அடைத்துவைத்திருக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. குழாயில் இருந்து முதல் சொட்டு விழுந்தபோது, நீ பிறந்தபோது வந்ததைப் போன்ற ஒரு சந்தோசம் வந்தது, கோபிக்காதே. நல்ல சொட்டுகள் வரத் தொடங்கியதும் விரல் நுனியில் தொட்டு நக்கினேன். நனைந்த கடதாசியை மண்ணெண்ணெயில் அவித்த ருசி. ஆனால் நான் அவித்தது.

அந்த நேரம் வாசல் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் கதவில் அம்மாவின் நகம்.

"இஞ்சருங்கோ. வந்திட்டினம்."

"ஆர்?"

"ஆரோ? சம்பந்தியாக்கள்!"

"ராகுகாலம் இன்னும் தொடங்கவே இல்லையே!"

"ராகுவைப் பிறகு விசாரிப்பம். வெளியிலை வாங்கோ."

"வரேலாதப்பா. கதவைத் திறந்தால் எல்லா மணமும் எனக்கு முன்னாலை வந்து கைகுடுக்கும்."

அடுப்பை உடனே நிறுத்தினேன். ஆனால் கொதித்த பானை நாம் சொன்னவுடன் ஆறிவிடுமா? சொட்டு நிற்கவில்லை. கதவுக்கு அப்பால் உன் அம்மா, அந்தத் தோசையைத் தவிர வாழ்க்கையில் பொய் சொல்லாதவள், இரண்டாவது பொய்யைச் சொன்னாள். "அவருக்குக் காலமை துவக்கம் வயித்தாலை போகுது."

"ஐயோ பாவம்" என்றது பெண்ணின் தாயுடைய குரல். "ஓமம் இருக்கே? அவிச்சுக் குடுப்பம்."

குடியில்லாத வீடா என்று பார்க்க வந்த மனிதர் வரவேற்பறையில். அந்த வீட்டில் முதல் முறையாகச் சாராயம் வடிவது பத்தடி தூரத்தில். உன் கலியாணம் அந்தக் கதவின் பூட்டில் தொங்கியது. வெளியே போனாலும் கெட்டது, உள்ளே இருந்தாலும் எவ்வளவு நேரம்? இந்த நிலையில் உன் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. மணத்தை மறைக்கச் சாம்பிராணிச் சட்டியைத் தணலோடு தூக்கிக்கொண்டு கதவடிக்கு வந்துவிட்டாள். துவாய்க்கு மேலால் புகை வந்ததும் எனக்கு உயிர் போயிற்று. சாராய ஆவி நிறைந்த அறை, வாசலில் நெருப்பு.

"நெருப்புக் கொண்டு வராதையும்! எல்லாம் பத்திப் பிடிக்கும்!" என்று கத்தினேன்.

வரவேற்பறையில் யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள். பிறகு பெண்ணின் தாய் சொன்னாள்: "கடுமையாய்த்தான் போகுது போலை."

சிரி, தம்பி. இப்போது நானும் சிரிக்கிறேன். அப்போது வியர்வையில் குளித்துக்கொண்டு வாளியில் இருந்தேன். பெண்கள் இருவரும் ஓமம் அவிக்கக் குசினிக்குப் போனார்கள். சப்பாத்துக் கழற்றும் சின்னக் கதிரையை யாரோ இழுத்துக் கதவடியில் போடும் சத்தம் கேட்டது. உன் மாமனார்.

"அண்ணை, தனிய இருக்கிறியள். பேச்சுத் துணைக்கு இருப்பம் எண்டு வந்தனான்."

"வேண்டாமுங்கோ, நீங்கள் போய் ரீயைக் குடியுங்கோ."

"பறவாயில்லை." காதைக் கதவில் வைத்தாரோ என்னவோ, "நிக்காமல் சொட்டுது என்ன?" என்றார்.

"பைப் ஒண்டு... ஒழுகுது."

கதிரை கதவுக்கு இன்னும் கிட்டவாக நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல் வந்தது. கதவோடு வாயை வைத்துப் பேசியிருக்கவேண்டும், அவ்வளவு மெதுவாக.

"அண்ணை, இது வயித்துக் குழப்பம் இல்லை. எனக்கு இந்த மணம் தெரியும்."

அடுத்த பொய்யைத் தேடினேன், அகப்படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

"நான் குடிச்ச மனிசன் அண்ணை. ஒருநாள் பார்னஹாகேப் பாலர்பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப் போனனான். வாசல்லை நிண்ட ரீச்சர்ப் பெட்டை என்ரை முகத்துக்குக் கிட்ட வந்து பாத்திட்டு, பிள்ளையைத் தரமாட்டம், தாயை வரச் சொல்லுங்கோ எண்டிட்டாள். பிள்ளை கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு அங்காலை நிண்டு எனக்குக் கை காட்டுது. அண்டைக்கு விட்டது. பிறகு தொடேல்லை."

"நல்லதுங்கோ" என்றேன். வேறு என்ன சொல்வது?

"நல்லது எண்டு எல்லாரும் சொல்லுகினம். விட்ட ஆளுக்கு ஆசையும் விட்டிட்டுது எண்டு குசினியிலை நிக்கிற இவவும் நினைக்கிறா. இப்ப எழும்பிப் போனால் இவ என்ரை முகத்தைப் பாத்திடுவா. கேட்டால் சொல்லவேணும். சொன்னால் கலியாணம் போச்சு, பிள்ளை என்னோடை கதைக்காது. போகாமல் இருந்தால்..." அவருடைய மூச்சு கேட்டது. "கதவைத் திறவுங்கோ எண்டு வாய் வருது அண்ணை. திறவாதையுங்கோ. திறந்தால் நான் என்ன செய்வன் எண்டு எனக்குத் தெரியாது."

நான் ஒருவன்தான் அகப்பட்டுக்கொண்டேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். கதவுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. பூட்டியவன் மட்டும் ஒருவன், நான்.

வடித்த போத்தலை எடுத்து வடிகானில் கவிழ்த்தேன். ஒரு துளி மிச்சம் விடவில்லை. குளிர்ந்த தண்ணீரை முழுவேகத்தில் திறந்து பானைமேல் பிடித்தேன், சுவரில் பிடித்தேன், என்மேல் பிடித்தேன். தரை கழுவும் பச்சைச் சவர்க்காரம், அம்மாவின் ஷாம்பு, நீ விட்டுப்போன வாசனைத் தைலம், எல்லாவற்றையும் ஊற்றித் தேய்த்தேன். ஆனால் மணம் உடனே போகுமா? அது போகும்வரை அவரை அந்தக் கதிரையில் என்ன சொல்லி வைத்திருப்பது? ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. புத்தி சொல்லும் தகுதி, கையில் கசிப்புப் போத்தலோடு, எனக்கு எங்கே? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வம்பளத்தேன்.

"தம்பி, உங்களுக்கு ஒரு கதை தெரியுமே?" என்று தொடங்கினேன். பனியில் தன் கார் என்று நினைத்து அடுத்தவன் காரை ஒரு மணித்தியாலம் வழித்துத் துப்புரவாக்கி, கடைசியில் திறப்புப் பொருந்தாமல் பொலிசைக் கூப்பிட்டவனின் கதை. பலாப்பழத்தை விமானத்தில் கைக்குழந்தை மாதிரி துணியில் சுற்றிக் கொண்டுவந்த மனிசியின் கதை. ஒரே சாமத்தியச் சடங்குக்கு ஒரே நிறச் சேலையில் வந்த மூன்று சகோதரிகள் இன்றுவரைக்கும் கதைக்காத கதை. அவர் முதலில் "ம்" கொட்டினார். பிறகு "ஆர் அது?" என்று கேட்டார். பிறகு ஒரு செருமல். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நான் தேய்த்துக்கொண்டே கதைத்தேன், நடுங்கிக்கொண்டே கதைத்தேன், முப்பது வருட டிக்கிச் சம்பாத்தியம் முழுவதையும் அந்தக் கதவடியில் கொட்டினேன்.

குசினியில் இருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது: "வயித்தாலை போறவருக்கும் பக்கத்திலை இருக்கிறவருக்கும் என்ன இவ்வளவு சிரிப்பு?"

உன் அம்மா சொன்னாள்: "அவருக்கு அப்பிடித்தான். வருத்தம் வந்தால் கதை கூடும்."

"திறக்கட்டோ?" என்று கேட்டேன் கடைசியாக. "இப்ப திறவுங்கோ" என்றார். திறந்தேன். சாரம் காலோடு ஒட்டி, தலையில் நுரையோடு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பானையைப் பார்த்தார், வடிகானைப் பார்த்தார்.

"முழுக்க ஊத்திப்போட்டியளோ?"

"ஓம்."

"நல்லது" என்றார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "அநியாயம்" என்றார். இரண்டும் உண்மையாகத்தான் வந்தது.

பிறகு வரவேற்பறைக்குப் போய், "பிள்ளையளுக்கு விருப்பம் எண்டால் எங்களுக்கும் சந்தோசம். நாள் பாப்பம்" என்று மனைவியிடம் சொன்னார். எதற்காகச் சம்மதித்தார் என்று பிறகொரு நாள் கேட்டேன். "உங்களிட்டைக் குடி இருந்தது. ஆனால் ஊத்த ஒரு நிமிசம் யோசிக்கேல்லை" என்றார். பானையை நான் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். அம்மாவின் பொய்யை மட்டும் போடமுடியவில்லை. லில்லெஸ்ட்ரோமில் உன் மாமனார் வீட்டு விருந்துக்குப் போகும்போதெல்லாம் உங்கள் எல்லாருக்கும் நண்டுக் கறி, எனக்கு மட்டும் உப்புக் கஞ்சி வருகிறதே, ஏன் என்று நீ கேட்டாய் அல்லவா? உன் மாமியார் என் வயிற்றை இன்னும் மறக்கவில்லை. இனிச் சாகும்வரை எனக்கு அந்த வீட்டில் கஞ்சிதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நான் யாரோடு அவ்வளவு நேரம் தொலைபேசியில் சிரிக்கிறேன் என்றும் நீ கேட்டிருக்கிறாய். அவரோடுதான். வேலை முடிந்து வரும் வெள்ளிப் பின்னேரம்தான் தனக்குக் கஷ்டம் என்றார். ஆகவே கிழமை முழுக்க நான் கதை சேர்க்கிறேன். கோயிலில், கடையில், ரயிலில், கிடைக்காவிட்டால் இட்டுக்கட்டுகிறேன். அப்பா வயதுபோகப் போக வம்பு கூடிவிட்டார் என்று நீ சொன்னாய். தேவை கூடிவிட்டது, தம்பி.

உன் மூன்று கார்களைப் பற்றி அவரிடம் நானே சொன்னேன். நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "இதொண்டை நிப்பாட்டலாம். இனி எத்தினை கலியாணம் வரும்? எல்லாரின்ரை டிக்கியையும் பூட்டேலுமே?" என்றார். பிறகு, "எழுதுங்கோ அண்ணை. பேரை விட்டிட்டு எழுதுங்கோ. கண்டுபிடிச்சால் பிடிக்கட்டும். இவவும் வாசிக்கட்டும். நேரை சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. எங்கடை ஆக்களிலை இன்னும் எத்தினை பேர் இப்பிடிக் கதவடியிலை இருக்கினமோ" என்றார். இன்னொன்றும் சொன்னார். தாலி கட்டும்வரைக்கும் பயமில்லையாம். பெண்ணைக் கூட்டிவர, தாரைவார்க்க, ஆட்களை வரவேற்க என்று கைக்கு வேலை இருக்கும். தாலி ஏறிய பிறகு பெண்ணின் தகப்பனுக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாரும் சாப்பிடப் போவார்கள். அவர் காற்றுவாங்க வெளியே வருவார். அந்தப் பொழுதுதான் பயம் என்றார்.

அந்தப் பொழுதில் நான் மேடையில் அகப்பட்டுக்கொண்டிருப்பேன். படம் எடுக்கிறவன் என்னை விடமாட்டான், கைகுலுக்க வருகிற வரிசை விடாது. உன் கார்களை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, அது உன் யோசனை. நான் கேட்பது வேறு. அவர் கதவைத் திறந்து வெளியே போவதைக் கண்டால், நீ மேடையை விட்டு இறங்கு. மாப்பிள்ளை இறங்கக்கூடாது என்று யாராவது பெரிசாகச் சொல்வார்கள். இறங்கு. யாரையும் அனுப்பாதே, நீயே போ. உனக்கு என்னைப் போல வாய் இல்லை, தெரியும். பரவாயில்லை, தமிழ் முட்டினால் நோர்வேஜிய மொழியில் கதை, பேர்கன் மழையைப் பற்றிக் கதை, உன் வேலையில் உனக்குப் பிடிக்காத ஆளைப் பற்றிக் கதை. அவர் "ஆர் அது?" என்று கேட்டால் உன் பக்கம் வந்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் நிறுத்தாதே. தை மாதம், பட்டு வேட்டி குளிருக்குக் காணாது, உன் கோட்டைப் போட்டுக்கொள். அவர் அவசரத்தில் சால்வையோடுதான் வந்து நிற்பார். அவருடைய கோட்டையும் எடுத்துக்கொண்டு போ.

அப்பா